உயரம் அளந்து பின்களம் அமைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை உதைபந்தாட்ட அணியின் நடுப்பின்களத்துக்கு, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று காக்கும் இடத்துக்கு, ஆறடிக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக்கூடாது என்று விளையாட்டுப் பக்கத்தில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பெரு நாட்டின் நடுப்பின்கள வீரர் எக்டர் சும்பித்தாஸை அவர் பார்த்திருக்கவில்லைப் போலும். சும்பித்தாஸின் உயரம் ஏறக்குறைய 1.70 மீற்றர்தான். அந்த உயரத்தோடு 1965 முதல் 1981 வரை நாட்டுக்காக 105 ஆட்டங்கள் ஆடினார். 1970, 1978 உலகக் கிண்ணங்கள் இரண்டிலும் அணித்தலைவரும் அவரே.

1970 மே 31 அன்று பெருவின் அங்காஷ் பகுதியைப் பூகம்பம் புரட்டிப் போட்டது. இரண்டு நாள் கழித்து மெக்சிகோவின் லியோனில் பல்கேரியாவுடன் ஆட்டம். 0-2 எனப் பின்தங்கியிருந்த பெருவுக்கு இரண்டாம் பாதியில் கல்யார்தோ முதல் கோலைப் போட, பிரீ கிக்கில் சமன் செய்தவர் சும்பித்தாஸ். குபியாஸின் கோலோடு 3-2 வெற்றி. 1975இல் கராகசில் கொலம்பியாவை 1-0 என வென்று தென் அமெரிக்க நாடுகளின் கிண்ணமான கோப்பா அமெரிக்காவை எடுத்ததும் அவர் தலைமையில்தான். யுனிவெர்சித்தாரியோ, மெக்சிகோவின் அட்லஸ், ஸ்போர்ட்டிங் கிறிஸ்டல் ஆகிய கழகங்களுக்கு ஆடி 1984இல் ஓய்வு பெற்றார்.

1978இல் ஆர்ஜென்டினாவிடம் 0-6 எனத் தோற்றதை உயரக் கட்சியினர் தூக்கிப் பிடிக்கலாம். அதில் மூலை உதையில் வந்த தரந்தினியின் கோல் தாழ்வாகப் பாய்ந்து தலையால் போட்டது. அதைத் தடுக்க ஆறடி எதற்கு?

உயரம் குறைந்தவர் தலைப்பந்தில் தோற்பது பெரும்பாலும் நிற்கும் முறையால்தான். முன்கள வீரரோடு முதுகு ஒட்டி நின்றால் அவர் தோளாலேயே அமுக்கிவிடுவார். ஒரு கை நீளம் தள்ளி, உடம்பைப் பாதி பக்கவாட்டில் திருப்பி, ஆளும் பந்தும் ஒரே பார்வையில் விழும்படி நிற்கவேண்டும். இரண்டு மூன்று எட்டு ஓடி ஒற்றைக் காலில் எழும்ப வேண்டும். எதிராளிக்குச் சற்று முந்தி எழும்பினால், அவர் மேலே வர இடமிருக்காது. முந்த முடியாவிட்டால் பந்தை வெல்லப் பார்க்காமல், அவர் நேராக முட்ட விடாதபடி இடைஞ்சல் செய்தாலே போதும். ஆனால் ஐந்தாறு மீற்றர் பின்னால் இன்னொரு பின்கள வீரர் சிதறும் பந்துக்குக் காத்திருக்கவேண்டும். அவர் இல்லாத இடத்தில்தான் கோல் விழுகிறது, பழியோ குள்ளப் பையன் தலையில்.

நம் பயிற்சிகளில் எதிரே நிற்பவர் கையால் பந்தை நேரே மேலே எறிய, பையன்கள் நின்ற இடத்திலேயே இரு காலால் துள்ளி முட்டுகிறார்கள். கழுத்துக்கு அது நல்லது, ஆட்டத்துக்கு உதவாது. ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்தோ தூரத்திலிருந்தோதான் வரும்.

ஆகவே கொழும்புப் பாடசாலைகளின் தெரிவாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவு நாடாவுக்குப் பதிலாக, ஒவ்வொரு பையனுக்கும் வலப்பக்கமிருந்து பத்து, இடப்பக்கமிருந்து பத்து எனக் குறுக்குப் பந்துகள் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் ஐந்துக்கு முன்கள வீரர் சும்மா நிற்கட்டும், அடுத்த ஐந்துக்கு மல்லுக்கட்டட்டும். பையன் முட்டியதில் எத்தனை பந்து பெனால்டி பெட்டிக்கு வெளியே போனது என்று எண்ணிப் பெயரை எழுதுங்கள்.

இங்ஙனம்,
உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13