பத்துப் போட்டால் பதின்மூன்று வருமா?

கன்னங்குறிச்சி,
சேலம்.

அன்புக் கண்ணுக்கு,

நீ அனுப்பிய நுண்ணோக்கிப் படங்கள் ஐந்தையும் செல்பேசியில் பார்த்துத் திருப்தி வராமல், நாலு ரோட்டுக் கடையில் பெரிய தாளில் அச்செடுத்து வந்து, இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். இந்தக் கரும்புள்ளிகளை எடுத்து வைத்தால்தான் சோறு என்று உன் அம்மா சொல்லிவிட்டபடியால், இன்றே எழுதிவிடுகிறேன்.

படங்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன, கணக்குத்தான் இடிக்கிறது. அலுமினியக் கலவையை உருக்கி, அதில் எடைக்கு 10 சதவீதம் சிலிக்கான் கார்பைடு என்ற கடினமான பொருளின் துகளைக் கலக்கி வார்த்ததாக எழுதியிருக்கிறாய். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, கார்பைடின் அடர்த்தி 3.2 என்று வைத்துப் போட்டுப் பார்த்தால், கனஅளவில் அது எட்டரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். உன் கணினியோ படத்தில் 13 சதவீதம் துகள் இருப்பதாகச் சொல்கிறது. போட்டதைவிட அதிகமாக எடுத்திருக்கிறாய். மிச்சம் நாலரை எங்கிருந்து வந்தது?

முதலில், படம் எடுக்குமுன் மாதிரித் துண்டை மெருகேற்ற நீ தேய்த்த தாளைச் சந்தேகப்படு. நம் ஊர்த் தச்சர்கள் எதையும் உப்புத்தாள் என்றுதான் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் நாம் பயன்படுத்தும் அந்தக் கருப்புத் தாளில் ஒட்டியிருக்கும் தூள் வேறொன்றுமில்லை, சிலிக்கான் கார்பைடுதான். அலுமினியம் மெத்தென்ற உலோகம் என்பதால், தாளிலிருந்து உதிரும் தூள் அதில் குத்தி நின்றுவிடும். எவ்வளவு கழுவினாலும் போகாது. இரும்பு வார்ப்பைத் தேய்க்கும்போது இப்படி ஒட்டினால் அந்நியப் பொருள் என்று கண்டுகொள்ளலாம். உன் மாதிரியில் விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே சாதி என்பதால், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

இதற்கு நான் அறிந்த நேரான சோதனை ஒன்று உண்டு. துகள் எதுவும் கலக்காத அதே அலுமினியக் கலவையில் ஒரு துண்டு எடுத்து, அதே தாள்களில், அதே அழுத்தத்தில், அதே நேரம் தேய்த்து மெருகேற்றிப் பார். அதிலும் கரும்புள்ளி தெரிந்தால் அது உன் தாளின் வேலை. அப்படியானால் வைரம் பதித்த தட்டுக்கும், பிறகு வைரப் பசைக்கும் மாறிவிடு. செலவுதான், ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, ஓட்டைகள். கணினிக்குத் துகளும் கருப்பு, ஓட்டையும் கருப்பு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு எண்ணிவிடும். ஓட்டைகளிலும் எல்லாம் ஒன்றல்ல. வாயுவால் வந்த ஓட்டை உருண்டையாக, விளிம்பு வழவழப்பாக இருக்கும். இறுகும்போது உலோகம் சுருங்கியதால் வந்தது, கிளைபிரிந்த படிகங்களுக்கு நடுவே கிழிந்த துணி போல இருக்கும். மூலைமுடுக்கோடு, பக்கத்துத் துகளின் உருவத்திலேயே ஒரு ஓட்டை இருந்தால், அங்கிருந்த துகளைத் தேய்க்கும்போது நீயே பிடுங்கி எறிந்திருக்கிறாய் என்று பொருள். உன் மூன்றாம் படத்தின் வலது ஓரத்தில் இருப்பவை இந்த வகை என்றே எனக்குப் படுகிறது.

இதை நான் பட்டு அறிந்ததால் சொல்கிறேன். ஏற்காட்டுப் பாக்சைட்டு லாரி லாரியாக மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், நான் வேலை பார்த்த வார்ப்பாலையில் சிலிக்கான் மிகுந்த பிஸ்டன் கலவை ஒன்றைச் சோதித்து, உள்ளே முழுக்கத் துளை என்று எழுதிக் கொடுத்தேன். என் சொல்லை நம்பி ஒரு நாள் வார்ப்பு முழுவதையும் திரும்ப உலையில் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து, மேசை இழுப்பறையில் கிடந்த அதே மாதிரியைப் பொறுமையாக மறுபடி தேய்த்துப் பார்த்தபோது, துளை ஒன்றுகூட இல்லை. கடினமான சிலிக்கான் படிகங்களை முரட்டுத் தாளால் உடைத்துப் பெயர்த்து, நானே துளை போட்டிருக்கிறேன். முதலாளி திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கவனமாகப் படி. உருகிய அலுமினியம் அதிக வெப்பத்தில் வெகுநேரம் நின்றால், சிலிக்கான் கார்பைடைத் தின்று, துகளின் ஓரத்தில் அலுமினியக் கார்பைடை உண்டாக்கும். அது நொறுங்கும் பொருள். தண்ணீர் பட்டால் மீத்தேன் வாயுவை விட்டுச் சிதைந்துபோகும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால், நீ தேட வேண்டிய சாட்சியை நீயே கழுவி ஊற்றிவிட்டு, துகளைச் சுற்றி ஒரு பள்ளத்தை மட்டும் படம் பிடிப்பாய். ஆகையால் ஒரு மாதிரியையாவது தண்ணீரே படாமல், ஆல்கஹால் வைத்துத் தயார் செய். கலவையில் சிலிக்கான் 9, 10 சதவீதம் இருந்தால் இந்த வினை பெரும்பாலும் அடங்கும். வெப்பம் ஏற ஏறத் தேவைப்படும் சிலிக்கானும் ஏறும். நீ எந்த வெப்பத்தில் ஊற்றினாய் என்று எழுதவே இல்லை.

துகள் அலுமினியத்தைவிடக் கனமானது, கலக்குவதை நிறுத்தியதும் அடியில் இறங்கும். ஐந்து படமும் வார்ப்பின் அடிப்பக்கத்திலிருந்து எடுத்தவை என்றால் 13 வருவதில் வியப்பில்லை. மேலேயும் நடுவிலும் அறுத்துப் பார்.

நீ ஏழாம் வகுப்பு படித்தபோது, அறுந்துபோன உன் கொலுசின் துண்டைப் பேக்கலைட் பிளாஸ்டிக் வில்லையில் பதித்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் காட்டினேன், நினைவிருக்கிறதா? வெள்ளிக்கு நடுவே செம்பு ஓடியிருந்ததைப் பார்த்துவிட்டு, குறுக்கே போன ஒரு நேர்கோட்டைக் காட்டி, "இதுவும் வெள்ளிக்குள்ளேயே இருந்ததா, அப்பா?" என்று கேட்டாய். அது நான் தேய்த்த கீறல். அந்த வில்லை இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது, கீறலோடு.

அடுத்த கடிதத்தில் துகள் கலக்காத துண்டின் படத்தை முதலில் அனுப்பு. கலந்ததை அதன் பிறகு பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பா