ஒரே ரீல், நான்கு படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நடிகர் ஒருவரின் படம் வெளியாகும் ஒவ்வொரு முறையும், விசிலும் கூச்சலும் படம் பார்ப்பதையே கெடுக்கின்றன என்று ஒரு சாராரும், அமைதி வேண்டுமென்பவர்கள் வீட்டிலிருந்தபடி ஓடிடியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று மறுசாராரும் வழக்காடுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். மதுரையில் ஒற்றைத் திரை அரங்கொன்றில் 1984 முதல் 2011 வரை ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த வழக்கில் இரு தரப்பாரும் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

புரொஜெக்டர் அறையில் நிற்பவனுக்கு எந்தப் படமும் மூன்றாம் நாளே அலுத்துப்போகும். அதற்குப் பிறகு, சிறிய கண்ணாடித் துளை வழியே தெரியும் கூட்டத்தைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருப்பான். காலைக் காட்சிக்குக் கல்லூரி மாணவர்கள் வருவார்கள். மதியக் காட்சிக்குப் பெரும்பாலும் பெண்கள். முதல் ஆட்டத்துக்குக் குடும்பங்கள். இரண்டாம் ஆட்டத்துக்குக் கடையடைத்துவிட்டு வரும் ஜவுளிக்கடை ஊழியர்களும் சுமைதூக்கும் தொழிலாளர்களும். ஓடுவது அதே ரீல்தான் என்றாலும், நான்கு காட்சிகளிலும் நான் ஓட்டியது ஒரே படம் என்று என்னால் சொல்ல முடியாது. மதியக் காட்சியில் விசும்பல் கேட்ட இடத்தில் காலைக் காட்சியில் கேலிக்குரல் எழும். மாணவர்கள் கைதட்டிய வசனத்தை இரண்டாம் ஆட்டக்காரர்கள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு முறை, இரண்டாம் ஆட்டத்தில், தாய் உயிர்விடும் காட்சியில், அரங்கு முழுவதும் அமைதியாக இருந்த நேரத்தில், முன்வரிசையில் ஒருவர் ஊரே கேட்கும்படி கொட்டாவி விட்டார். அவர் வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாளெல்லாம் மூட்டை சுமந்தவராக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கொட்டாவிக்கு எழுந்த சிரிப்பு கடைசி ரீல் வரை அடங்கவில்லை. மகன் கொள்ளி வைக்கும்போதும் சிரித்தார்கள். அதற்கு முந்தைய ஆட்டத்தில் அதே படம் முடிந்து விளக்கைப் போட்டபோது, பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வெளியேறியதை நான் பார்த்திருக்கிறேன். படம் நன்றாக இல்லை என்று அந்த இரண்டாம் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஊரில் சொல்லியிருப்பார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

நாடக மேடையில் நடிகருக்கு இருக்கும் ஒரு வசதி திரையில் கிடையாது. சிரிப்பு அடங்கும் வரை மேடை நடிகர் காத்திருந்து அடுத்த வசனத்தை எடுப்பார். ரீல் யாருக்காகவும் காத்திருக்காது. 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தை ஓட்டியபோது இதை நன்றாக உணர்ந்தேன். கிரேஸி மோகனின் வசனத்தில் ஒரு சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்த சிரிப்பு வந்துவிடும். முதல் வாரத்தில் கூட்டம் நிரம்பியிருந்த காட்சிகளில் பாதி வசனங்கள் சிரிப்பிலேயே மூழ்கிப்போயின. விட்டுப்போனதைக் கேட்பதற்காகவே மறுபடி டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. கூட்டம் குறைந்த நாட்களில் எல்லா வசனமும் தெளிவாகக் கேட்டது, ஆனால் சிரிப்பவர் குறைவு. இரண்டில் எது நல்ல காட்சி என்று என்னைக் கேட்டால், வசனம் கேட்காமல்போன அந்த முதல் வாரத்தைத்தான் சொல்வேன்.

அரங்கின் அளவுக்கும் இதில் பங்கு உண்டு. நான் சிறுவனாகப் படம் பார்த்த மதுரை தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. முன்வரிசையில் தொடங்கும் சிரிப்பு பின்னால் பரவி பால்கனியைத் தொடுவதற்குள் முன்னால் இருப்பவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். இருநூறு பேர் அமரும் இன்றைய மல்டிபிளெக்ஸில் அந்த அலைக்கு இடமில்லை; ஒருவர் அருகில் பேசினாலும் அது அரங்கு முழுவதற்கும் பேசியதாகிவிடுகிறது. கொரோனா முடக்கத்துக்குப் பின் 2020 நவம்பர் 10 அன்று தமிழ்நாட்டில் அரங்குகள் பாதி இருக்கைகளுடன் திறக்கப்பட்டன. 2021 பொங்கலுக்கு 'மாஸ்டர்' வந்தபோதும் அந்தக் கட்டுப்பாடு நீடித்தது. ஒன்றுவிட்டு ஒன்று காலியாக இருந்த இருக்கைகளைத் தாண்டிச் சிரிப்பு பரவாமல் நின்றுபோனதை அன்று அரங்குக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். பக்கத்தில் ஆள் இல்லாதபோது மனிதர் சத்தமாகச் சிரிக்கக் கூச்சப்படுகிறார்.

ஆகவே, அரங்கில் சத்தமே கூடாது என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. பாட்டுக்கு 'ஒன்ஸ் மோர்' கேட்டுக் கூட்டம் அடம்பிடிக்கும்போது, ரீலைக் கழற்றிப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி மாட்டிய கைகள் இவை. அந்த வேலையில் எரிச்சல் உண்டென்றாலும், மனதுக்குள் ஒரு பெருமிதமும் உண்டு. 2004இல் வந்த 'கில்லி' 20 ஆண்டுகள் கழித்து 2024 ஏப்ரலில் மறுவெளியீடு கண்டபோது, பேரனோடு போயிருந்தேன். படம் முதலில் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் எழுந்து நின்று ஆடினார்கள். அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் யாருக்கும் எதுவும் நட்டமாகவில்லை. அது திருவிழா, அதற்கென்றே வந்தவர்கள் அவர்கள்.

என் மனக்குறை வேறு. படம் எழுப்பும் சத்தத்துக்கும், படத்துக்கு முன்பே முடிவு செய்துகொண்டு வரும் சத்தத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. முன்னது காட்சியோடு ஏறி இறங்கும். பின்னது திரையில் என்ன நடந்தாலும் ஒரே அளவில் இருக்கும். இப்போது அது கைபேசியோடு சேர்ந்துகொண்டது. நாயகன் திரையில் தோன்றும் நொடியில் நூறு கைபேசிகள் மேலே எழுகின்றன. அந்தக் காட்சி சிறிது நேரத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகிவிடுகிறது. 2023ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் திருத்தச் சட்டம், அனுமதியின்றி அரங்கில் படத்தைப் பதிவு செய்வோருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க வழிசெய்கிறது. திருட்டுப் படத்தைத் தடுக்க வந்த சட்டம் அது. ஸ்டேட்டஸ் வைக்கும் பையனைச் சிறையில் தள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கையை உயர்த்திப் பதிவு செய்கிறவர் அந்த நேரத்தில் படம் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் இருப்பவரும் பார்க்க முடியவில்லை. வாசலில் யூடியூப் மைக் காத்திருக்கிறது என்று தெரிந்ததும், இடைவேளையிலேயே கருத்தைத் தயார்செய்பவர்களும் பெருகிவிட்டார்கள். 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பு, அரங்க வளாகத்தில் அத்தகைய விமர்சனப் பதிவுகளை அனுமதிக்க வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது வசூலை எண்ணித்தான். எனக்கு இருக்கும் கவலை படம் பார்க்கும் மனதைப் பற்றியது.

அமைதியும் ரசிகர்களின் எதிர்வினைதான் என்பதை இந்த வாதங்களில் எவரும் சொல்வதில்லை. நம் ஊரில் படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே வண்டி எடுக்க எழுந்துவிடுவது வழக்கம். 2018இல் 'பரியேறும் பெருமாள்' பார்க்கச் சென்ற காட்சியில், இரண்டு தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே ஒரு பூ கிடக்கும் கடைசிக் காட்சி வரை ஒருவரும் எழவில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் மூச்சு எனக்குக் கேட்டது. வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். வீடும் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் முந்நூறு பேர் சேர்ந்து காக்கும் அமைதி அதில் இல்லை.

அரங்கு உரிமையாளர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதல் வாரத்தில் ஆரவாரத்துக்கென்றே சில காட்சிகளை ஒதுக்கி, அதை டிக்கெட் பதிவுத் தளத்திலேயே குறிப்பிடுங்கள். கொண்டாட விரும்புகிறவர்களும் கவனித்துப் பார்க்க விரும்புகிறவர்களும் தமக்கு ஏற்ற காட்சியைத் தேர்ந்துகொள்ளட்டும். இரண்டாவது, அரங்குக்குள் ஓர் ஆளை நிறுத்துவது. என் காலத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் டார்ச் லைட்டுடன் ஒருவர் ஓரமாக நிற்பார். வம்பு செய்பவர் முகத்தில் ஒரு முறை வெளிச்சம் அடித்தால் போதும், அடங்கிவிடுவார். கூட்டத்தின் சத்தம் ஏறினால் அவர்தான் மேலே வந்து வால்யூமைக் கூட்டச் சொல்வார், அடுத்து மெல்லிய காட்சி வருகிறதென்று குறைக்கவும் சொல்வார். இப்போது பல அரங்குகளில் குறித்த நேரத்தில் படம் தானே தொடங்கித் தானே முடிகிறது. ஒலியளவு காலையில் வைத்தது இரவு வரை அப்படியே இருக்கிறது. 200 ரூபாய் டிக்கெட்டில் அந்த டார்ச் லைட்காரரின் சம்பளத்துக்கு இடம் இல்லாமல் போகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்க ஆபரேட்டர்,
மதுரை.