பொதுச் சொத்து ஆளில்லாத சொத்து அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறையில், பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை ஒரு பிள்ளை வேறொரு வகுப்பில் கொடுத்த குறிப்பைக் கொண்டுவந்தாள். 'பொதுச் சொத்து: எவருக்கும் சொந்தமில்லாத வளம். ஆகவே அழிந்துபோகும்.' இவ்வளவுதான். இதைப் பாடமாக்கிக்கொண்டு எத்தனை பிள்ளைகள் பரீட்சைக்குப் போகப் போகிறார்களோ!

அதே தாளில், உற்பத்திக் காரணிகளில் ஒன்றான நிலத்தைப் பற்றிய குறிப்பு சரியாகத்தான் இருந்தது. பொருளியலில் நிலம் என்றால் காணி மட்டுமல்ல. கடல், மீன், மழை என்று மனிதர் உண்டாக்காத எல்லாம் அதில் அடங்கும். "அப்ப துறைமுக நகரம், மிஸ்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கொழும்பில் கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் அது. கடலடியும் மணலும் இயற்கை தந்தவை. மணலை அள்ளிக் கொட்டி அலைதடுப்புக் கட்டியது உழைப்பும் மூலதனமும்.

அப்புறம் பொதுச் சொத்துக்கு வந்தோம். என் அம்மாவின் சீதன உறுதியில் 'கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்' என்று எழுதியிருக்கிறது. மூன்று குடும்பத்துக்கும் இறைப்பு முறைநாள் இருந்தது. குடிக்க யாரும் அள்ளலாம். தோட்டத்துக்கு இறைக்க வெளியாருக்கு உரித்தில்லை. கோடையில் தண்ணீர் வற்றினால், முறைக்காரர் வாழைக்கு மட்டும் விட்டுவிட்டுப் பாதி நாளிலேயே நிறுத்துவார். வாய்க்கால் துப்புரவாக்க வராதவர் வீட்டு வாசலில் ஐயா போய் நிற்பார். பங்காளி, பங்கு, முறை, பொறுப்பு எல்லாம் இருந்த அந்தக் கிணறு எப்படி எவருக்கும் சொந்தமில்லாததாகும்?

பொது வளம் அழிந்துபோகும் என்பதற்கு அமெரிக்கச் சூழலியலாளர் காரட் ஹார்டின் 1968இல் உதாரணமாகச் சொன்ன மேய்ச்சல்தரையில் யாரும் எத்தனை மாட்டையும் விடலாம். முறையே இல்லாத அந்த இடம் திறந்த வளம். பொதுச் சொத்து அல்ல. இந்த வித்தியாசத்தை அமெரிக்க அரசறிவியலாளர் எலினோர் ஒஸ்ட்ரொம் 1990இல் எழுதிய நூலில் விளக்கினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். அந்த நூலில் நம் நாடும் இருக்கிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் விவசாயிகள் கூடி வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டதை எழுதியிருக்கிறார். தென்கரையிலுள்ள மாவெல்ல என்ற மீன்பிடிக் கிராமத்தின் கரைவலைக்காரரிடம் முறை இருந்தும் வலைகள் பெருகுவதைத் தடுக்க முடியாமல் போனதையும் மறைக்கவில்லை.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய விஷயமல்ல. எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் ஒரு வீட்டார் தண்ணீர்த்தாங்கிக்குப் பக்கத்தில் தகரம் அடித்துப் பூட்டுப் போட்டார்கள். கேட்டால், "பொது இடம்தானே" என்றார்கள். பொது என்பதால்தான் பூட்டக்கூடாது என்று விளங்கப்படுத்த மூன்று கூட்டம் வைக்க வேண்டியிருந்தது.

உங்கள் மாணவர் பக்கத்தில் திறந்த வளத்தையும் பொதுச் சொத்தையும் தனித்தனியே விளக்கி ஒரு கட்டுரை போடுங்கள். தவணைப் பரீட்சைக்கு முன்னர் வந்தால் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6