பழைய மாணவர் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். போன வருஷம் நான் அறிக்கை வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டதால், இந்தமுறை சின்ன விஷயங்களை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று, பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் வந்தவர்களுக்குப் பரிசு கொடுத்தாயிற்று, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி முழுக்க சனிக்கிழமை கணினி வகுப்பைப் பற்றித்தான். நம் நேரமும் பணமும் அதிகமாகப் போனது அங்கேதான், அதில் ஒரு பங்கு வீணாகவும் போனது, அதற்கு முக்கியக் காரணம் நான். அதையும் எழுதியிருக்கிறேன்.

போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டபடி தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அனுமதி வாங்கி, ஹைடெக் லேபில் இருக்கும் 20 கணினிகளை வைத்துக்கொண்டு சனிக்கிழமை மதியம் 2 மணி முதல் 5 மணி வரை என்று ஆரம்பித்தோம். ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் மட்டும். பன்னிரண்டாம் வகுப்பை ஏன் சேர்க்கவில்லை என்று இரண்டு உறுப்பினர்கள் கோபித்துக்கொண்டார்கள். கணினி அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 என்று மார்க் பிரிந்திருக்கும்போது, சனிக்கிழமை மதியத்தை எங்களிடம் கொடுங்கள் என்று பெற்றோரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. 31 பேர் பெயர் கொடுத்தார்கள்.

முதல் இரண்டு மாதம் தோல்வி, வேறு வார்த்தை இல்லை. ஐடியில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர்கள் நால்வர் முறை வைத்து வந்தார்கள், பாடத்திட்டம் போட்டது நான். வேரியபிள், லூப், ஃபங்ஷன், பகா எண் கண்டுபிடி, ஃபிபொனாச்சி தொடர் எழுது என்று வாரத்துக்கு ஒரு தலைப்பு. புரொஜெக்டரில் நாங்கள் காட்ட, பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்ய, நிரல் ஓடினால் கைதட்டல். ஏழாவது வாரம் வந்தவர்கள் 12 பேர். அதில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், இதை ஓட்டி யார்கிட்ட காட்டுறது?" கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எங்களில் யாருக்கும் பதில் இல்லை. அன்று மாலை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்து பாடத்திட்டத்தைக் கிழித்துப் போட்டோம் (உண்மையாகவே கிழித்தது பொருளாளர், அச்சடித்த செலவு அவருக்குத்தான் தெரியும்).

அப்புறம் போட்ட விதி ஒன்றே ஒன்று. எந்த வேலை எடுத்தாலும் அதற்குப் பள்ளிக்குள்ளேயே 'இது என் வேலை' என்று சொல்லும் ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும், அவர் சங்க உறுப்பினராக இருக்கக் கூடாது, சரியில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்பவராக இருக்க வேண்டும். இரண்டு பேர் சிக்கினார்கள், நூலகப் பொறுப்பு ஆசிரியையும் தண்ணீர் மோட்டார் போடும் காவலாளி அண்ணனும்.

நூலகத்தில் சுமார் 2,300 புத்தகங்கள். பட்டியல் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது என்று ஆசிரியை சொன்னதும் சந்தோஷப்பட்டோம், கோப்பைத் திறந்ததும் போயிற்று. பல வருஷத்துக்கு முன் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று தெரியும். சரி, ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் எதிரே தமிழ் எழுத்தைப் போட்டு ஒரு அட்டவணை செய்து மாற்றிவிடலாம் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். பைதான் என்ற நிரல் மொழியில் டிக்ஷனரி (ஒன்றுக்கு எதிரே இன்னொன்றை வைக்கும் பட்டியல்) என்பதை நாங்கள் அதுவரை பாடமாக நடத்தவே இல்லை, அவர்களுக்கு அது தேவைப்பட்ட அன்றைக்குப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டிப் பார்த்தால் பாதிச் சொற்கள் சரி, கொம்பு வரும் சொற்கள் எல்லாம் நொறுங்கிக் கிடந்தன. பாமினியில் தட்டச்சு இயந்திரம் மாதிரி கொம்பை முதலில் அடித்து, பிறகுதான் எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் (இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுத்து முதலில், கொம்பு அதற்குப் பின்னால். ஆகவே கொம்பு வந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த எழுத்தைத் தாண்டி இறக்க வேண்டும். 'கொ' என்றால் பின்னால் வரும் துணைக்காலையும் கொம்போடு சேர்த்து ஒரே குறியாக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு மூன்று சனிக்கிழமை ஆயிற்று. நமக்கு விடை தெரியும், சொல்லவில்லை. சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெங்களூரிலிருந்து வரும் நம் உறுப்பினரைக் கேளுங்கள்.

மாற்றியதைக் கோப்பில் எழுதப் போனால் 'சார்மேப்' என்று ஏதோ சொல்லி நிரல் நின்றுவிட்டது. விண்டோஸில் பைதான் கோப்பைத் திறக்கும்போது எந்த என்கோடிங் (எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறை) என்று நாம் சொல்லாவிட்டால் அது கணினியின் பழைய மேற்கத்திய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்ளும், அதில் தமிழ் கிடையாது. யூடிஎஃப்-8 என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் எழுதியது. ஆசிரியை அதே சிஎஸ்வி கோப்பை (பட்டியலைக் காற்புள்ளியால் பிரித்து வைத்த கோப்பு) எக்செலில் திறந்தார், மறுபடியும் கிறுக்கல். கோப்பின் தலையில் ஒரு அடையாளக் குறி இருந்தால்தான் எக்செல் அதை யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும் என்பது அடுத்த வாரப் பாடம். சிஎஸ்வி பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் ஒரு முழு அத்தியாயம். அதைப் படித்து எழுதிய பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் வந்திருக்காது, ஏனென்றால் அவர்கள் கோப்பை ஒரு ஆசிரியை எக்செலில் திறந்து பார்த்து "என்னடா இது?" என்று கேட்டிருக்க மாட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது அகரவரிசைச் சண்டை. பட்டியலை வரிசைப்படுத்த பைதானில் ஒரே வரி போதும். போட்டுக் கொடுத்தார்கள். ஆசிரியை, தமிழாசிரியரும் அவர்தான், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து "இது எந்த ஊர் அகராதி?" என்றார். 'மனம்' முதலில், பிறகு 'மயில்', 'மரம்', 'மறதி', 'மலர்', 'மழை' என்று இருந்தது. நம் அகராதியில் மயில், மரம், மலர், மழை, மறதி, கடைசியில்தான் மனம். காரணம் யூனிகோடு அட்டவணைதான். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக 1988இல் வந்த இஸ்கி குறியீட்டின் அமைப்பைத்தான் யூனிகோடு பின்பற்றியது, ஆகவே ன என்ற எழுத்து ந பக்கத்திலும், ற என்பது ர பக்கத்திலும் போய் உட்கார்ந்துவிட்டன. கணினி அந்த எண்களைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்தும், அதற்கு நன்னூல் தெரியாது. பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த க ங ச ஞ ட ண வரிசையை அப்படியே ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் அதிலிருக்கும் இடத்தை வைத்து ஒப்பிடும்படி மாற்றினார்கள். இதற்கெல்லாம் ஓப்பன்-தமிழ் என்று யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல நிரல் தொகுப்பு ஒன்று இருக்கிறது என்பதை எல்லாம் முடிந்த பிறகுதான் காட்டினோம். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்று திட்டினார்கள். நியாயம்தான், ஆனாலும் அடுத்த வருஷமும் இப்படித்தான் செய்வேன்.

இந்தச் சூட்டில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் யாரும் சொல்லாமலே திருக்குறள் கோப்பு ஒன்றை எடுத்து, 1330 குறளிலும் ஏழு சீர் இருக்கிறதா என்று எண்ண ஒரு நிரல் எழுதிக்கொண்டு வந்தான். சிலவற்றில் ஆறு வந்தது, சிலவற்றில் எட்டு. வள்ளுவரைப் பிடித்துவிட்டோம் என்று ஒரே கூச்சல். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் கோப்பில் இடைவெளி விட்டுப்போன அல்லது கூடிப்போன தட்டச்சுப் பிழை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் பைதான் 5 என்று சொல்வதையும் அவன்தான் கண்டுபிடித்து எல்லோருக்கும் காட்டினான். நமக்கு மூன்று எழுத்து, அதற்கு இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி.

நூலக நிரல் டிசம்பரிலிருந்து ஓடுகிறது. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 பைசா, ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடையாது என்று ஆசிரியை பாதியில் விதியை மாற்றினார். அந்த மாற்றத்தை வைத்துத்தான் யார் சொந்தமாக எழுதியது, யார் சாட்ஜிபிடியில் எடுத்தது என்று எங்களுக்குத் தெரிந்தது. எடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை, நானும் ஆபீஸில் எடுக்கிறேன். ஆனால் ஞாயிறைக் கழிக்கச் சொன்னபோது எந்த வரியில் கை வைப்பது என்று தெரியாமல் முழித்தவர்களை, முதலிலிருந்து ஒவ்வொரு வரியாக வாயால் விளக்கச் சொன்னோம். விளக்க முடிந்தால் வைத்துக்கொள், முடியாவிட்டால் அழித்துவிடு. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஒருத்தன் திரும்பி வந்தான்.

தண்ணீர்த் தொட்டிக்கு வருகிறேன். மோட்டாரைப் போட்டுவிட்டு காவலாளி அண்ணன் கேட்டுக்குப் போனால் தொட்டி நிரம்பி மாடியிலிருந்து அருவி கொட்டும், நாம் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். தொட்டியின் மேல்மூடியில் ஒலி அலை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் சென்சார், ஒரு ஆர்டுயினோ பலகை (நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை), காவலாளி அறையில் பஸ்ஸர். சென்னைக்குப் போன உறுப்பினர் ரிச்சி தெருவில் வாங்கிவந்தார். ஆர்டுயினோவில் எழுதுவது சி++ என்ற நிரல் மொழி, பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் அதே சி++. "புக்ல இருக்கிற ஃபார் லூப்பே இதுலயும் ஓடுது சார்" என்று ஒரு பெண் ஆச்சரியப்பட்டாள். சிரிக்காதீர்கள், இரண்டும் ஒன்று என்று அதுவரை அவர்களிடம் யாருமே சொல்லவில்லை.

முதல் நாள் அளவு எடுத்தால் ஒன்றரை மீட்டர் ஆழத் தொட்டி மூன்று மீட்டர் என்று வந்தது. ஒலி போய்விட்டுத் திரும்பி வருகிறது, எனவே நேரத்தை இரண்டால் வகுக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குப் போக வர சுமார் 58 மைக்ரோவினாடி. இயற்பியல் ஆசிரியரை அழைத்துவந்து பிள்ளைகளே கரும்பலகையில் போட்டுக் காட்டினார்கள். மோட்டார் ஓடும்போது தண்ணீர் அலையடித்து பஸ்ஸர் விட்டு விட்டுக் கத்தியது. ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடு என்று மாற்றினார்கள். மூன்று வாரத்தில் சென்சார் செத்தது. தொட்டிக்குள் எப்போதும் ஈரம், நாங்கள் வாங்கியது திறந்த வகை, இதை யோசிக்காதது பெரியவர்களாகிய எங்கள் தவறு. நீர்புகாத வகை வாங்கினோம், அது சுமார் 20 சென்டிமீட்டருக்குக் கீழே சரியாக அளக்காது, அதனால் தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் உளறியது. மூடிக்கு மேலே பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி சென்சாரை உயரத்தில் ஏற்றியதும் சரியானது. இந்தக் குழாய் யோசனை காவலாளி அண்ணனுடையது. எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் முதல் தடவையே வேலை செய்தது.

மோட்டாரைத் தானாக நிறுத்தும்படி ரிலே வைத்துவிடலாம் என்று பிள்ளைகள் மட்டுமில்லை, நம் உறுப்பினர்களும் கேட்டார்கள். செயற்குழு மறுத்துவிட்டது. மூன்று ஃபேஸ் மின்சாரத்தின் பக்கத்தில் மாணவர்கள் போகக் கூடாது, அவ்வளவுதான். பஸ்ஸர் கத்தும், அண்ணன் போய் சுவிட்சை அணைப்பார்.

டவுன் பஸ் நேரம் சொல்லும் ஆப் ஒன்றையும் ஆரம்பித்தோம். உற்சாகமாகத் தொடங்கி ஜனவரியில் செத்துப்போனது. அழகான திரை, கலர் கலராகப் பட்டன். ஆனால் பஸ் நேரம் மாறினால் யார் திருத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை, குறை சொல்லவும் ஆள் இல்லை. நம் விதியை நாமே மீறியதன் பலன்.

வருஷக் கடைசியில் தொடர்ந்து வந்தவர்கள் 19 பேர், அதில் 11 பேர் மாணவிகள். நவம்பரில் மழையிலும் பராமரிப்பு மின்தடையிலும் நான்கு சனிக்கிழமை போயிற்று. அந்த நாட்களில் தாளில் நிரல் எழுதி ஒருவர் எழுதியதை மற்றவர் கணினியாக நடித்து ஓட்டச் சொன்னோம், அது கரண்ட் இருக்கும் நாட்களைவிட நன்றாகவே நடந்தது. சான்றிதழ் கொடுக்கவில்லை. கேட்ட பெற்றோர் இரண்டு பேருக்கும் நூலகத்தில் உட்கார்ந்து உங்கள் பிள்ளை எழுதியதைப் பாருங்கள் என்று சொன்னேன், ஒருவர் வந்து பார்த்தார்.

வரும் வருஷத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள். சத்துணவு அமைப்பாளர் அம்மாவுக்கு அரிசி, பருப்பு இருப்புக் கணக்கு வேண்டும். உடற்கல்வி ஆசிரியருக்கு ஓட்டப்பந்தய நேரங்களைப் பதிந்து வைக்க வேண்டும், ஸ்டாப்வாட்ச் பார்த்துக் கையில் எழுதியதை இரண்டு முறை தொலைத்துவிட்டார். நூலக நிரலை எழுதியவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறார்கள், அவர்கள் கிளம்புவதற்குள் அடுத்த அணி அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். குறிப்பு எழுதச் சொன்னதற்கு ஒருவன் நிரலின் முதல் வரியில் "இதைத் தொடாதே, ஓடுகிறது" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறான். அதை ஜூன் மாதம் பார்த்துக்கொள்கிறோம்.

உறுப்பினர்களிடம் கேட்பது இவ்வளவுதான். சனிக்கிழமை வர முடிந்தவர்கள் மாதம் ஒரு முறையாவது வாருங்கள், நிரல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் விளக்குவதைக் கேட்க ஆள் வேண்டும். நன்றாகப் பற்றவைக்கத் தெரிந்தவர் ஒருவர் அவசரமாக வேண்டும், இப்போது இருக்கும் ஒயர் இணைப்புகள் எல்லாம் டேப்பில் நிற்கின்றன. லேப் சாவி தலைமையாசிரியர் அறையில், வலதுபக்கம் இரண்டாவது ஆணியில் தொங்குகிறது.

செயலாளர்