தென்னையில் வெள்ளை ஈ: மருந்து அடிக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாசி வெயில் ஏறத் தொடங்கியதும் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைத் தோப்புகளில் கீழ்மட்டைகள் கறுக்கத் தொடங்கிவிடும். இதற்குக் காரணமான, சாறு உறிஞ்சும் பூச்சியான சுருள் வெள்ளை ஈ 2016-இல் நம் நாட்டில் முதலில் தென்பட்டதே பொள்ளாச்சிப் பக்கம்தான். ஆனாலும், ஓலை கறுத்ததும் வீரியமான பூச்சிமருந்தை வாங்கி அடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

கறுப்பு என்பது ஓலைக்கு வந்த நோயல்ல. ஓலையின் அடிப்புறத்தில் சாறு குடிக்கும் ஈ கழிக்கிற இனிப்பு நீர், கீழே உள்ள ஓலைகளிலும் ஊடுபயிரான வாழை, ஜாதிக்காய், கோகோ இலைகளிலும் சொட்டுகிறது. அதில் கரும்பூசணம் படர்கிறது. பூச்சிமருந்து இந்தப் படலத்தை அகற்றாது. ஈயின் குஞ்சுகளும் மெழுகுப் பூச்சுக்கு அடியில் தப்பிவிடும். சாவது, அந்தக் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவிதான். அதன்பின் ஈயைக் கட்டுப்படுத்த தோப்பில் எதுவும் இருக்காது.

முதலில் ஒரு கீழ்மட்டையை இறக்கி, கைலென்ஸ் வைத்து அடிப்புறத்தைப் பாருங்கள். ஈயின் குஞ்சு இருக்கும் கூடு கறுத்திருந்தால் உள்ளே குளவி வளர்கிறது. வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. 'T' வடிவில் பிளந்திருந்தால் வெளியே வந்தது ஈ. கறுத்த கூடுகள் பரவலாக இருக்கும் தோப்பில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம், மட்டையை வெட்டி எரிக்கவும் வேண்டாம், எரிவது குளவிகளும்தான். குளவி இல்லாத தோப்புக்கு, இருக்கும் தோப்பிலிருந்து ஏக்கருக்குப் பத்து இலைத்துண்டு கொண்டுவந்து, ஈ உள்ள ஓலையின் அடியில் குத்திவிடலாம். துளை விழாத கறுப்புக் கூடுகள் உள்ள துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். துளை விழுந்தது வெறும் கூடு.

கரும்படலத்துக்கு மைதாப் பசை போதும். லிட்டருக்கு 25 கிராம். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே கொதிக்க வைத்து, ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். இல்லையென்றால் தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொள்ளும். ஓலையின் மேற்புறம் நனைய, மழை வராத நாளாகப் பார்த்து அடியுங்கள். காய்ந்ததும் படலம் செதில் செதிலாக உரிந்து விழும்.

கன்றுகளுக்கும் எட்டுகிற உயரத்திலுள்ள குட்டை மரங்களுக்கும் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய். சோப்புக் கரைசலில் கலக்காவிட்டால் எண்ணெய் மிதக்கும். அடிப்புறத்தில் படாத தெளிப்பு வீண். விளக்கெண்ணெய் தடவிய, 5 அடிக்கு ஒன்றரை அடி மஞ்சள் தாளை ஏக்கருக்கு எட்டு வீதம் ஆறடி உயரத்தில் கட்டலாம். தூசி படிந்தால் ஈ ஒட்டாது. துடைத்து மறுபடி தடவ வேண்டும்.

வேளாண் துறைக்கு ஒரு வேண்டுகோள். குளவி இலைத்துண்டுகளையும் ஈயைத் தின்னும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை அட்டைகளையும் சித்திரையில் தராமல், தை கடைசியிலேயே கிராமங்களுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஈ பெருகுவதற்கு முன் விட்டால்தான் அவற்றால் பயன்.

– தென்னை விவசாயி, ஆனைமலை