குவாண்டம் கணினி: வெற்றிச் செய்தியோடு மறுப்பையும் வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரப் பதிப்பின் அறிவியல் பக்கத்தில் குவாண்டம் கணினி பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். கூகுளின் 'வில்லோ' சிப் ஐந்து நிமிடத்துக்குள் முடித்த கணக்குக்கு, இன்றைய மிக வேகமான மீக்கணினி ஒன்றுக்கு 1 என்ற இலக்கத்தின் பின் 25 பூச்சியங்கள் போட்ட அளவு ஆண்டுகள் பிடிக்கும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. 2024 டிசெம்பரில் கூகுள் அப்படித்தான் அறிவித்தது; எண்ணில் பிழை இல்லை. ஆனால் அது என்ன கணக்கு, அந்த ஆண்டுக்கணக்கை யார் எப்படிப் போட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு அது சிறிய குறையாகத் தெரியவில்லை.

இதே போன்ற ஓர் எண் 2019 ஒக்டோபரிலும் வந்தது. 53 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கொண்ட கூகுளின் 'சிக்கமோர்' சிப் 200 செக்கனில் செய்த வேலையை, அன்று உலகின் முதல்நிலை மீக்கணினியாக இருந்த 'சமிட்' செய்து முடிக்க 10,000 ஆண்டுகள் ஆகும் என்று 'நேச்சர்' ஆய்விதழில் எழுதினார்கள். அதே வாரத்தில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் எதிர்க்கணக்கு ஒன்றை முன்வைத்தார்கள். சமிட்டின் நினைவகம் போதாவிட்டால் அதன் வன்தட்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாமே, அப்படிச் செய்தால் இரண்டரை நாள் போதும் என்றார்கள். அது தாளில் போட்ட மதிப்பீடு மட்டுமே. 2022இல் சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்த வேலையைச் செய்தே காட்டினார்கள்: 512 கிராபிக்ஸ் செயலிகள், சுமார் 15 மணித்தியாலம். 2024இல் இன்னொரு சீனக் குழு 1,432 செயலிகளைக் கொண்டு சிக்கமோரையே வேகத்தில் முந்தியது. பத்தாயிரம் ஆண்டு என்று சொன்ன கணக்கு ஐந்தே ஆண்டுகளில் நிமிடக் கணக்காகிவிட்டது.

கூகுள் பொய் சொல்லவில்லை. அன்று கைவசம் இருந்த வழிமுறைகளில் தாம் தெரிவுசெய்த ஒன்றைச் சமிட்டில் ஓட்டினால் எவ்வளவு காலம் பிடிக்கும் என்றுதான் அவர்கள் கணக்கிட்டார்கள். மரபுக் கணினிகளின், அதாவது மீக்கணினி உட்படக் குவாண்டம் அல்லாத வழக்கமான கணினிகளின், பக்கத்தில் இருந்தவர்களோ கூர்மையான கணிதவியலாளர்கள். அறிவிப்பு வெளிவந்த பிறகுதான் அவர்கள் முழுமூச்சாக வேலையைத் தொடங்கினார்கள். எதிரணி துடுப்பெடுத்தாடுவதற்கு முன்னரே வெற்றி அணியை அறிவிப்பது போன்ற செய்தி அது. தங்கள் கட்டுரையும் அதையே செய்திருக்கிறது.

அந்தக் கணக்கு என்ன என்பதையும் வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கியூபிட்டுகளின் மீது எழுமாறாகத் தெரிவுசெய்த செயல்களை வரிசையாக நடத்தி, இறுதியில் கிடைக்கும் 0, 1 தொடர்களைத் திரும்பத் திரும்ப எடுப்பதுதான் அது. அந்தத் தொடர்களால் மருந்தோ வானிலை எதிர்வுகூறலோ கிடைக்காது. குவாண்டம் கணினிக்கு இயல்பாக வருவதும் மற்றக் கணினிக்குக் கடினமாக இருப்பதுமான ஒரு வேலை வேண்டும் என்பதற்காகவே அதைத் தெரிவுசெய்தார்கள். சிக்கமோரின் விடைகள் பெரும்பாலும் இரைச்சலாகவே இருந்தன. ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் அவற்றில் உண்மையான சமிக்ஞை தேறியது. ஆகவே அதைப் போலச் செய்ய முனையும் மரபுக் கணினியும் அந்த அளவுத் துல்லியத்தை எட்டினால் போதும், அதன் சுமை பெரிதும் குறைந்துவிடும். விடை சரிதானா என்று பார்க்கும் சோதனைக்கும் மரபுக் கணினியின் கணிப்பே தேவை. மரபுக் கணினியால் எட்டவே முடியாத அளவுக்குப் போனால் நேரடியாகச் சரிபார்க்க வழியில்லை. சிறிய அளவிலான செயல் வரிசைகளில் கண்டதை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. வில்லோவின் 25 பூச்சியங்களும் இதே வகைக் கணக்குக்கு உரியவைதான்.

2023இல் ஐ.பி.எம். வேறு பாதையில் போனது. 127 கியூபிட் கொண்ட 'ஈகிள்' செயலியில் காந்தப் பொருள் ஒன்றின் மாதிரியை இயக்கி, சரியான விடையைக் கணக்கிடும் மரபு முறைகள் எட்டாத இடத்திலும் பயனுள்ள விடை கிடைக்கிறது என்று அறிவித்தது. சில வாரங்களுக்குள் மறுப்பு வந்தது. அமெரிக்காவின் கல்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே கணக்கை ஒரு மடிக்கணினியின் ஒற்றைச் செயலியில், ஐ.பி.எம். எடுத்த நேரத்தைவிட மிக விரைவாகச் செய்தார்கள். நியூயோர்க்கின் பிளாட்அயன் நிறுவனத்தினர் ஈகிளில் கியூபிட்டுகள் பின்னப்பட்டிருக்கும் விதத்தைக் கவனித்தார்கள்: அதில் சுழல்கள் குறைவு, கிட்டத்தட்ட கிளைவிட்ட மரம் போன்ற அமைப்பு. அதற்கேற்ற டென்சர் வலையமைப்பு முறையால் (பெரிய கணக்கை ஒன்றோடொன்று இணைந்த சிறு எண் அட்டவணைகளாகப் பிரித்துச் செய்யும் மரபு முறை) அவர்களும் விடையைப் பெற்றார்கள். இவ்வளவு அருமையான அறிவியல் தங்கள் பக்கத்தில் ஒரு வரியாகக்கூட வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

என் மாணவருக்கு நான் அதிகம் சொல்வது 2018இல் வெளிவந்த ஒரு கண்டுபிடிப்பைத்தான். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இளம் மாணவர் எவின் டேங்கிடம், ஒருவரின் இரசனைக்கேற்பப் பொருட்களைப் பரிந்துரைக்கும் கணக்கைக் குவாண்டம் கணினி அளவுக்கு வேகமாக மரபுக் கணினியால் செய்யவே முடியாது என்று நிறுவும்படி அவரது பேராசிரியர் ஸ்கொட் ஆரன்சன் கேட்டார். தேடிப் போனவர், முடியும் என்பதற்கான வழியையே கண்டுபிடித்துவிட்டார். குவாண்டம் முறையைப் படித்துப் பெற்ற யோசனையிலிருந்தே அந்த வழி பிறந்தது. இந்தப் போட்டியில் இரு பக்கமும் வளர்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதனால் குவாண்டம் கணினி வெறும் கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய எண்களைக் காரணிப்படுத்த 1994இல் பீற்றர் ஷோர் தந்த வழிமுறைக்கு நிகரான மரபு வழிமுறை இன்றுவரை யாரிடமும் இல்லை. அத்தகைய வழிமுறை இருக்கவே முடியாது என்றும் யாரும் நிறுவவில்லை. அப்படிக் காரணிப்படுத்துவது கடினம் என்பதை வைத்து வங்கிகளும் இணையமும் நம்பியிருக்கும் குறியாக்கம் ஒருநாள் உடைபடலாம் என்பதற்காகவே, அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2024 ஓகஸ்டில் புதிய குறியாக்கத் தரங்களை வெளியிட்டது. வில்லோவின் உண்மையான சாதனையும், என் பார்வையில், கியூபிட்டுகளில் எழும் பிழைகளைத் திருத்தும் வழுத் திருத்தம்தான்: கியூபிட் தொகுதியைப் பெருப்பிக்கப் பெருப்பிக்க வழு வீதம் ஒவ்வொரு படியிலும் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. தங்கள் தலைப்பு அதைப் பற்றியதாக இருந்திருக்கலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும், குவாண்டம் வந்ததும் இன்றைய கணினிப் படிப்பு செல்லாக்காசாகிவிடும் என்று பிள்ளைகளையும் பெற்றோரையும் பயமுறுத்திக் குறுங்கால வகுப்புக்குப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இணைந்த கணிதத்தை விட்டுவிட்டு அந்த வகுப்புக்குப் போகட்டுமா என்று என்னிடம் கேட்ட பிள்ளை, பத்திரிகையில் வந்த தலைப்பைத்தான் ஆதாரமாகக் காட்டியது. குவாண்டம் கணினிக்குள் நுழையும் வாசலே கணிதம்தான். ஐ.பி.எம். இலவசமாகத் தரும் 'கிஸ்கிட்' மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவினால், இருபது, இருபத்தைந்து கியூபிட்டுகளைப் பிள்ளைகளே போலச்செய்து பார்க்கலாம். ஒரு கியூபிட்டைக் கூட்டும் ஒவ்வொரு தடவையும் தேவையான நினைவகம் இரட்டிக்கும். 30 கியூபிட்டுக்கு ஏறத்தாழ 17 கிகாபைட், 50 கியூபிட்டுக்கு ஏறத்தாழ 18 பெற்றாபைட். தன் கணினி எந்த இடத்தில் திணறி நிற்கிறது என்று கண்ணால் கண்ட பிள்ளைக்கு இரு பக்கத்தின் பலமும் விளங்கும். அதற்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

2025 ஒக்டோபரில் கூகுள் மேலும் ஓர் அறிவிப்பைச் செய்தது. 'குவாண்டம் எக்கோஸ்' என்ற முறையில் மீக்கணினியை 13,000 மடங்கு விஞ்சியதாகவும், கிடைத்த விடையை வேறொரு குவாண்டம் கணினியில் ஓட்டிச் சரிபார்க்க முடியும் என்றும் அது கூறுகிறது. அப்படிச் சரிபார்க்க முடிவது முன்னேற்றம்தான் என்று நான் கருதுகிறேன். தங்கள் அறிவியல் பக்கம் இதைப் பற்றி எழுதும்போது, எந்த மரபு வழிமுறையோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பின்னர் யாராவது அதை முறியடித்தால், முதற்செய்தி வந்த அதே இடத்தில், அதே அளவில் அதையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பௌதிகவியல் ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.