அந்த எண்ணையும் எழுத்தையும் எங்களிடமும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரக நோய் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘டாக்டர் சொல்வதை அப்படியே கேளுங்கள்’ என்று முடித்திருந்தார்கள். டாக்டருக்கே ஆராய்ச்சிகள் தெளிவான பதில் தராதபோது என்ன செய்வது? எங்கள் வீட்டில் அந்த நிலைமை வந்தது.

என் மகனுக்கு ஐஜிஏ நெஃப்ரோபதி, அதாவது ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்து அவற்றைக் கெடுக்கும் நோய். சிறுநீரில் புரதம் போய்க்கொண்டே இருந்தது. முதலில் பார்த்த மருத்துவமனையில் ஒரு வார்த்தை விளக்காமல், நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். பயந்துபோய் இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர்தான் உட்காரவைத்துச் சொன்னார். 2015இல் வெளியான ஜெர்மனி ஆய்வில், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் சிலருக்குப் புரதம் நின்றதே தவிர, சிறுநீரகம் பழுதாகும் வேகம் குறையவில்லை, தொற்றுதான் கூடியது. சீனா, இந்தியா உள்ளிட்ட நாடுகளில் நடந்த ‘டெஸ்டிங்’ ஆய்வையும் தொற்றுகளால் இடையில் நிறுத்தினார்கள். அப்புறம் டோஸைக் குறைத்து, நிமோனியா தடுப்பு மாத்திரையும் சேர்த்துத் தொடர்ந்தார்கள். 2022இல் வந்த முடிவில் பலன் தெரிந்தது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகளும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கே அதிகம்.

“இதில் உங்கள் பையனுக்கு எது சரி என்று எந்த ஆய்வும் சொல்லாது” என்றார். பயாப்சியில் (சிறுநீரகத் திசுத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை) தழும்பு எவ்வளவு, சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்றெல்லாம் கேட்டார். என் கணவருக்கு இருந்தது. முதல் இடத்தில் அதை யாரும் கேட்கவே இல்லை! ரத்த அழுத்த மாத்திரையோடு மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தோம். புரதம் குறையவில்லை. காசநோய்ப் பரிசோதனை செய்துவிட்டு, குறைந்த டோஸில் தொடங்கினோம். என் மகனும் சம்மதித்த பிறகுதான்.

சிறுநீரக டாக்டர்கள் பின்பற்றும், ‘கேடிகோ’ என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டு நூலில், தரம் பிரித்த ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் 1 அல்லது 2 என்ற எண்ணும், ஏ முதல் டி வரை ஓர் எழுத்தும் இருக்கின்றன. எண் பரிந்துரையின் பலம், எழுத்து ஆதாரத்தின் தரம். 2 என்றால், எல்லோருக்கும் ஒரே முடிவு பொருந்தாது, நோயாளிக்கு எது முக்கியம் என்று கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்று அர்த்தம். நோயாளியிடம் இதை யார் சொல்கிறார்கள்?

கூட்டம் நிரம்பிய ஓ.பி.யில் நேரம் இல்லை என்பார்கள். எங்களுக்கு அந்த இரண்டாவது டாக்டர் செலவிட்டது பத்து நிமிடம். அடுத்த கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சிறுநீரக மருத்துவரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்